பயனர்களே சேர்ந்து எழுதும் கையேடு: ஸ்கிரைபஸை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

இலவசமாகக் கிடைக்கும் பக்க வடிவமைப்பு மென்பொருள்களில் ஸ்கிரைபஸுக்கு இணையாக இன்னொன்றைச் சொல்வது கடினம். 2001இல் ஃபிரான்ஸ் ஷ்மிட் தொடங்கியது. ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் வருகிறது. லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் ஓடும். அச்சகங்கள் கேட்கும் பிடிஎஃப்/எக்ஸ் வகைக் கோப்புகளையும் தரும். இவ்வளவு இருந்தும், பேஜ்மேக்கரையோ இன்டிசைனையோ விட்டு இதற்கு வருகிறவர்களில் பலர் சீக்கிரமே திரும்பிப் போய்விடுகிறார்கள். ஏன் என்று கேட்டால் மென்பொருளைக் குறை சொல்வதில்லை. சந்தேகம் வந்தால் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை என்கிறார்கள்.

இந்தக் குறைக்கு வேர் பதிப்பு வரலாற்றில் இருக்கிறது. நிலையான 1.4 பதிப்பு 2012இல் வந்தது. அடுத்த நிலையான பதிப்பான 1.6 வந்து சேர்ந்தது 2024இல். இடைப்பட்ட காலத்தில் 1.5 வரிசை ‘சோதனைப் பதிப்பு’ என்ற பெயரிலேயே பல ஆண்டுகள் ஓடியது. தமிழில் வேலை செய்தவர்களுக்கு அந்தச் சோதனைப் பதிப்பை விட்டால் வேறு வழியில்லை. 1.4 வரிசைக்கு நம் எழுத்துகளை முறையாகக் கோத்து அமைக்கத் தெரியாது. ‘கெ’, ‘கொ’ போன்றவற்றில் கொம்பு இடம் மாறி நிற்கும். 2017இல் வந்த 1.5.3 பதிப்பில்தான் புதிய எழுத்தமைப்புப் பொறி சேர்ந்தது. அதிகாரபூர்வக் கையேடு ஒன்று 2009இல் அச்சுப் புத்தகமாகவே வந்தது, ஆனால் அப்போது 1.4கூட வெளியாகியிருக்கவில்லை. இன்று தேடிக் கண்டுபிடிக்கும் குறிப்பு எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது என்பதைப் பெரும்பாலும் ஊகித்துத்தான் கொள்ள வேண்டும். 1.4இல் எழுத்துக்கான அமைப்புகள் ‘பிராப்பர்ட்டீஸ்’ பலகத்துக்குள்ளேயே இருந்தன; 1.6இல் அவை தனிப் பலகமாகிவிட்டன. பழைய குறிப்பைப் படித்துவிட்டு இல்லாத பொத்தானைத் தேடிக்கொண்டிருக்கிறவர்கள் அதிகம்.

இப்படிப்பட்ட மென்பொருளுக்குப் பயனர்களே ஒன்றுகூடிக் கையேடு எழுதலாம். எழுதுவது அவ்வளவு பெரிய வேலையில்லை என்பதுதான் இந்த வழிகாட்டியில் நான் சொல்லப்போவது. எழுதியதை இன்னொருவர் செய்து பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போடுவதுதான் வேலை. அந்த ஏற்பாடு இல்லாமல் தொடங்கும் கூட்டுக் கையேடு, இணையத்தில் ஏற்கனவே கிடக்கும் பழைய குறிப்புகளோடு இன்னொரு பழைய குறிப்பாகச் சேரும், அவ்வளவுதான்.

1. யாருக்கு, எந்தப் பதிப்புக்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

‘ஸ்கிரைபஸ் முழுக் கையேடு’ என்று தலைப்பு வைத்துத் தொடங்காதீர்கள். மெனு வரிசையில் எழுதலாம் என்று யாராவது ஆலோசனை சொன்னால் உடனே மறுத்துவிடுங்கள். அப்படித் தொடங்கும் குழுவில் முதல் மெனுவை நான்கு பேர் ஆசையோடு எழுதுவார்கள், மூன்றாவது மெனுவுக்கு ஆள் இருக்காது. தவிர, ‘கோப்பைச் சேமிக்க, சேமி என்பதைச் சொடுக்கவும்’ என்ற வகையில் யாருக்கும் தேவைப்படாத பக்கங்கள் குவியும்.

வாசகரை ஒரே வாக்கியத்தில் வரையறுங்கள். உதாரணமாக: ‘தமிழில் சிறுபத்திரிகை அல்லது புத்தகம் வடிவமைத்து அச்சகத்துக்கு அனுப்புகிறவர், வேறு வடிவமைப்பு மென்பொருளில் ஓரளவு பழக்கம் உள்ளவர்.’ பதிப்பையும் ஒன்றாகக் கட்டுங்கள்: 1.6 வரிசை மட்டும். 1.4 பயன்படுத்துகிறவர்களுக்கும் சேர்த்து எழுதலாமே என்ற இரக்கம் கையேட்டைக் கெடுக்கும். தமிழுக்கு 1.4 பயன்படாது என்பதால் இங்கே அந்த முடிவு எளிது.

2. கேள்விகளைச் சேகரியுங்கள், கேட்டவர் சொன்ன சொற்களிலேயே

இந்தப் படியில் அவசரம் வேண்டாம். வாட்ஸ்அப் குழுக்கள், அச்சகத்தில் வேலை செய்பவர்கள், பயிற்சி வகுப்பு எடுப்பவர்கள் என்று எல்லா இடத்திலிருந்தும் உண்மையில் கேட்கப்பட்ட கேள்விகளை ஒரே தாளில் எழுதுங்கள். கேள்வியைத் ‘திருத்தி’ எழுதாதீர்கள். தவிக்கிறவருக்கு அம்சத்தின் பெயர் தெரியாது, கண்ணில் படும் அறிகுறிதான் தெரியும். ‘உரை வழிதல் மேலாண்மை’ என்று யாரும் தேடப்போவதில்லை. ‘பெட்டியின் மூலையில் சிவப்பாக ஒரு குறி வருகிறது, கட்டுரையின் கடைசிப் பத்தி காணவில்லை’ என்றுதான் கேட்பார்கள். பக்கத்தின் தலைப்பு அதுவாகவே இருக்கட்டும்.

ஸ்கிரைபஸ் விஷயத்தில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் சில:

— பழைய ஃபாண்டில் அடித்த கட்டுரையை ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாக வருகிறது.
— திரையில் பார்த்த நிறம் அச்சில் வேறாக இருக்கிறது.
— பிடிஎஃப்/எக்ஸ்-3 கேட்கிறார்கள், பட்டியலில் அந்தப் பெயரே இல்லை.
— நான் 1.6இல் சேமித்த கோப்பு நண்பரின் 1.4இல் திறக்க மறுக்கிறது.
— பக்க எண் தானாக விழ வேண்டும்.
— அச்சகத்தில் படங்கள் வரவில்லை என்கிறார்கள்.

சேர்ந்த கேள்விகளை வகைப்படுத்த டேனியலே ப்ரோசிடாவின் ‘டயாடாக்ஸிஸ்’ என்ற முறை உதவும். ஆவணங்களை நான்காகப் பிரிக்கிறது அது: கற்றுக்கொள்வதற்கான பாடம், குறிப்பிட்ட வேலையை முடிப்பதற்கான செய்முறை, தேடிப் பார்ப்பதற்கான தகவல் பட்டியல், ஏன் இப்படி என்று புரிந்துகொள்வதற்கான விளக்கம். ஒரே பக்கத்தில் இவற்றைக் கலந்தால் யாருக்கும் பயன்படாது என்பது அதன் சாரம். பயனர் குழுவுக்கு என் பரிந்துரை: செய்முறைப் பக்கங்களை முதலில் எழுதுங்கள். பிறகு தொடக்கம் முதல் பிடிஎஃப் வரை எட்டுப் பக்கச் சிற்றிதழ் ஒன்றை உருவாக்கும் ஒரே ஒரு பாடம். விளக்கங்கள் அதற்குப் பின். தகவல் பட்டியலை விட்டுவிடலாம். அதை நிரல் எழுதுகிறவர்களால்தான் முழுமையாகத் தர முடியும்.

3. முதல் வரிக்கு முன்பே உரிமம்

இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் பின்னால் தலைவலி. எழுதிய ஒவ்வொருவருக்கும் அவரவர் எழுதிய பகுதியில் பதிப்புரிமை உண்டு. இரண்டு ஆண்டு கழித்து ஒரு பதிப்பகம் அச்சிடக் கேட்டாலோ, இன்னொரு குழு மொழிபெயர்க்கக் கேட்டாலோ எல்லோரிடமும் சம்மதம் வாங்க வேண்டும். அதற்குள் சிலர் தொடர்பு எல்லைக்கு வெளியே போயிருப்பார்கள்.

விக்கிப்பீடியா 2009இல் குனூ கட்டற்ற ஆவண உரிமத்திலிருந்து கிரியேட்டிவ் காமன்ஸுக்கு மாறியது. அத்தனை பங்களிப்பாளர்களையும் தேடிப் பிடித்து மாறவில்லை. முந்தைய ஆண்டு வெளியான ஆவண உரிமத்தின் 1.3 பதிப்பில் அதற்கென்றே ஒரு பிரிவைச் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்தச் சலுகை நமக்குக் கிடைக்காது. அதே ஆவண உரிமத்தின் ‘மாற்றக்கூடாத பகுதிகள்’ என்ற ஏற்பாட்டைக் கட்டற்றதாக ஏற்க முடியாது என்று லினக்ஸ் வகை ஒன்றை உருவாக்கும் டெபியன் திட்டம் 2006இல் வாக்கெடுப்பு நடத்தி முடிவு செய்தது. அந்த வம்பு நமக்கு எதற்கு?

கிரியேட்டிவ் காமன்ஸ் பை-எஸ்ஏ 4.0 போதும். பெயர் குறிப்பிட வேண்டும், மாற்றி வெளியிட்டால் இதே உரிமத்தில் வெளியிட வேண்டும் என்ற இரண்டே நிபந்தனை. முப்பரிமாணப் படங்கள் உருவாக்கும் மென்பொருளான பிளெண்டரின் கையேடு இந்த உரிமத்தில்தான் வருகிறது. சேரும் ஒவ்வொருவரும் ‘என் பங்களிப்பை இந்த உரிமத்தில் தருகிறேன்’ என்று ஒரு வரி எழுதித் தரட்டும், மின்னஞ்சல் போதும். வேறு புத்தகத்திலிருந்தோ பயிற்சி நிறுவனத்தின் பாடக்குறிப்பிலிருந்தோ ஒரு பத்திகூட எடுக்கக்கூடாது என்பதையும் அதிலேயே சொல்லிவிடுங்கள். எடுத்துக்காட்டுக் கோப்புகளில் சேர்க்கும் ஃபாண்ட்களுக்கும் இது பொருந்தும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் போன்று திறந்த உரிமத்தில் வருபவற்றை மட்டும் பயன்படுத்துங்கள்.

4. எங்கே எழுதுவது

பிளெண்டர்காரர்கள் முதலில் விக்கியில் வைத்திருந்தார்கள். பிறகு ஸ்பிங்க்ஸ் என்ற கருவிக்கு, வெறும் உரைக்கோப்புகளுக்கு, மாறினார்கள். லிப்ரே ஆபீஸ் ஆவணக் குழு தன் வழிகாட்டிகளை அதே மென்பொருளின் எழுதும் செயலியான ரைட்டரில் எழுதுகிறது. அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்து எடுத்துக்கொள்கிறார்கள், பங்களித்தவர் பெயர்கள் ஒவ்வொரு அத்தியாயத்தின் முகப்பிலும் வரும். இரண்டும் நன்றாகத்தான் நடக்கின்றன.

யார் எழுதப்போகிறார்கள் என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். குழுவில் நிரலாளர்கள் அதிகம் என்றால் திருத்தங்களைப் பதிந்து வைக்கும் கிட், எளிய குறிகளோடு வெறும் உரையாக எழுதும் மார்க்டவுன் என்று போகலாம்; ஒவ்வொரு திருத்தமும் யார் செய்தது என்று துல்லியமாகப் பதிவாகும், பார்த்து ஒப்புதல் தந்த பிறகே சேரும். டி.டி.பி. ஆட்கள் அதிகம் என்றால் கிட் என்ற சொல்லைக் கேட்டதுமே பாதிப்பேர் ஒதுங்கிவிடுவார்கள். அச்சகத்தில் இருபது ஆண்டு அனுபவம் உள்ளவரை ஒரு கட்டளைத்திரைக்குப் பயந்து இழப்பது மடத்தனம். அவர் வேர்டில் எழுதட்டும், கையால் எழுதிப் புகைப்படம்கூட அனுப்பட்டும். அதை மார்க்டவுனாக்கி உள்ளே சேர்ப்பதற்கு இரண்டு பேரை ஒதுக்குங்கள். கதவு அகலமாக இருக்க வேண்டும். உள்ளே ஒரே ஒழுங்கு இருக்க வேண்டும்.

ஸ்கிரைபஸ் கையேட்டை ஸ்கிரைபஸிலேயே எழுதலாமே என்று ஆசை வரும். வேண்டாம். அதன் கோப்பு வடிவம் எக்ஸ்எம்எல்தான், உரைக்கோப்புபோலத் திறந்து பார்க்கலாம் என்பது உண்மை. ஆனால் உரையோ படமோ வைக்கும் ஒரு சட்டகத்தை அரை மில்லிமீட்டர் நகர்த்தினாலும் கோப்பு மாறும், எது உண்மையான திருத்தம் என்று கண்டுபிடிக்க முடியாது. உரையை வெறும் உரையாக வைத்திருங்கள். அச்சுப் பிரதி தேவைப்படும்போது கடைசியில் ஸ்கிரைபஸில் வடிவமையுங்கள்.

5. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரே அமைப்பு

பக்கத்தின் உச்சியில் கேள்வி. அதன் கீழ் மூன்று தகவல்: சரிபார்த்த பதிப்பு, சரிபார்த்த இயங்குதளம், சரிபார்த்தவர் பெயரும் தேதியும். இந்த மூன்றும் காலியாக இருந்தால் பக்கம் வெளியே போகக்கூடாது. பிறகு, தொடங்கும் முன் என்ன தயாராக இருக்க வேண்டும், படிகள், முடித்ததும் திரையில் என்ன தெரிய வேண்டும், தெரியாவிட்டால் என்ன பார்க்க வேண்டும்.

கடைசி இரண்டும்தான் பயனர் கையேட்டின் உயிர். அவற்றைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். ஒரு பக்கத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். பிடிஎஃப்/எக்ஸ்-3 பட்டியலில் வரவில்லை என்ற கேள்விக்கு அனுபவமுள்ள ஒருவர் எழுதித் தரும் முதல் வரைவு இப்படித்தான் இருக்கும்:

‘செட்டிங்ஸில் கலர் மேனேஜ்மென்டை ஆன் செய்துவிட்டு எக்ஸ்போர்ட் செய்தால் வந்துவிடும்.’

பொய் ஒன்றும் இல்லை. ஆனால் தெரிந்தவருக்கு மட்டுமே புரியும். ஸ்கிரைபஸில் ‘செட்டிங்ஸ்’ என்று சொல்லத்தக்க இடம் இரண்டு. ‘பிரிஃபரன்சஸ்’ என்பதில் மாற்றுவது இனிமேல் உருவாக்கும் புதிய கோப்புகளுக்குத்தான் பொருந்தும். இப்போது திறந்திருக்கும் கோப்புக்கு ‘டாக்குமென்ட் செட்டப்’ என்பதில் மாற்ற வேண்டும். இரண்டின் தோற்றமும் கிட்டத்தட்ட ஒன்று. ஆகவே புதியவர் முதல் இடத்தில் மாற்றிவிட்டு, ஒன்றும் நடக்கவில்லை, கையேடு தப்பு என்று முடிவு செய்வார். கணினியில் நிற விவரக் கோப்புகள், அதாவது ஐசிசி ப்ரொஃபைல்கள், இல்லையென்றால் நிற மேலாண்மையை இயக்கவே முடியாது என்பதும் அந்த ஒற்றை வரியில் இல்லை. திருத்திய வடிவம்:

1. வேலை செய்யும் கோப்பைத் திறந்துகொள்ளுங்கள். ‘ஃபைல்’ மெனுவில் ‘டாக்குமென்ட் செட்டப்’ என்பதைச் சொடுக்குங்கள். ‘பிரிஃபரன்சஸ்’ அல்ல.
2. இடப்பக்கப் பட்டியலில் ‘கலர் மேனேஜ்மென்ட்’ பகுதிக்குப் போங்கள்.
3. ‘ஆக்டிவேட் கலர் மேனேஜ்மென்ட்’ என்ற கட்டத்தில் டிக் செய்யுங்கள். கட்டம் மங்கலாக இருந்தால் கணினியில் ஐசிசி ப்ரொஃபைல்கள் இல்லை; முதலில் அவற்றை நிறுவுங்கள்.
4. அச்சகம் குறிப்பிட்ட சி.எம்.ஒய்.கே. (நான்கு வண்ண அச்சுக்கான) ப்ரொஃபைலைத் தேர்ந்தெடுத்து ‘ஓகே’ கொடுங்கள்.
5. ‘ஃபைல்’ மெனுவில் ‘எக்ஸ்போர்ட்’, அதில் ‘சேவ் ஆஸ் பிடிஎஃப்’. முதல் தாவலில் உள்ள பதிப்புப் பட்டியலை விரியுங்கள்.

தெரிய வேண்டியது: பட்டியலில் பிடிஎஃப்/எக்ஸ் என்று தொடங்கும் பெயர்கள் சேர்ந்திருக்கும். தெரியாவிட்டால், இரண்டாவது கோப்பு ஏதேனும் திறந்திருக்கிறதா, அமைப்பை மாற்றியது அதிலா என்று பாருங்கள்.

ஒரு வரி ஐந்து படிகளாகிவிட்டது. படிப்பவருக்கு இது நீளமில்லை; வேலையை நடுவில் விட்டுவிட்டு யாரையாவது கூப்பிட்டுக் கேட்பதுதான் நீளம்.

மெனுப் பெயர்களைத் திரையில் இருப்பதுபோலவே எழுதுங்கள், சொந்தமாகப் பெயர் வைக்காதீர்கள். ‘சொடுக்குங்கள்’ என்றால் கடைசிவரை ‘சொடுக்குங்கள்’, பாதியில் ‘சொடுக்கவும்’ என்று மாறக்கூடாது. ஸ்கிரீன்ஷாட் குறைவாகப் போதும். முழுத்திரையை எடுத்து ஒட்டாமல் தேவையான மூலையை மட்டும் வெட்டி வையுங்கள். படக்கோப்பின் பெயரிலேயே பதிப்பு எண் இருக்கட்டும். அடுத்த பதிப்பு வரும்போது எந்தப் படங்களைப் புதுப்பிக்க வேண்டும் என்று பெயரைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

6. சரிபார்ப்பு: இங்கேதான் நேரம் போகும், போகட்டும்

விதி எளிது. எழுதியவர் சரிபார்க்கக்கூடாது. சரிபார்ப்பவர் எழுதியவரிடம் எதையும் கேட்கக்கூடாது. பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு படிப்படியாகச் செய்து, எங்கெல்லாம் தயங்கினார் என்பதைக் குறித்துத் தர வேண்டும். ‘புரிந்தது, நன்றாக இருக்கிறது’ என்ற பாராட்டு சரிபார்ப்பில் சேராது. தயங்கிய இடம் ஒன்றுகூட இல்லை என்று ஒருவர் சொன்னால், அவருக்கு அந்த வேலை முன்பே தெரியும் என்று பொருள். வேறு ஆளைப் பாருங்கள்.

கணினியும் புதிதாக இருக்க வேண்டும். எழுதியவரின் கணினியில் அவர் எப்போதோ மாற்றி மறந்துபோன அமைப்புகள் இருக்கும். அவருக்குத் தானாக நடப்பது மற்றவருக்கு நடக்காது. அதற்காக இன்னொரு கணினி வாங்க வேண்டியதில்லை. இயங்குதளத்தில் புதிய பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி அதில் ஸ்கிரைபஸைத் திறந்தால் அது முதல்முறை திறப்பதுபோல இருக்கும். ஒரு பக்கத்தையாவது விண்டோஸில் ஒருவரும் லினக்ஸில் ஒருவரும் பார்க்கட்டும். மேக்கில் ‘பிரிஃபரன்சஸ்’ வேறு மெனுவில் இருக்கும் என்பது போன்ற சின்ன வேறுபாடுகள் அப்போதுதான் வெளியே வரும்.

எல்லோரும் ஒரே சோதனைக் கோப்புகளை வைத்துச் சரிபார்க்க வேண்டும். ஒரு மூட்டையாகக் கட்டி வையுங்கள்: கொ, கோ, கௌ, ஸ்ரீ, க்ஷ எல்லாம் வரும் ஒரு பத்தி, நடுவில் ஆங்கிலச் சொற்கள் கலந்த ஒரு கட்டுரை, நல்ல தரத்தில் ஒரு வண்ணப்படம், வேண்டுமென்றே தரம் குறைந்த ஒரு படம், பழைய பாமினி ஃபாண்டில் அடித்த ஒரு கட்டுரை.

பாமினிக் கோப்பு எதற்கு என்றால், தமிழ்ச் சிறுபத்திரிகைக்காரர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் அது. பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் உட்கார்ந்திருக்கும். புள்ளிக்குரிய இடம் ஆங்கில அரைப்புள்ளி. ‘தமிழ்’ என்று அடித்த சொல்லுக்கு யூனிகோட் ஃபாண்ட் கொடுத்தால் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரியும். மாற்றித் தரும் கருவிகள் பல உண்டு என்று ஒரு வரியில் முடித்துவிடத் தோன்றும். ஆனால் கட்டுரைக்குள் ஆங்கிலச் சொல் இருந்தால், கருவிக்கு எது பாமினி எது ஆங்கிலம் என்று தெரியாது. எல்லாவற்றையும் தமிழாக்கி, ஆங்கிலச் சொல்லைப் பொருளற்ற தமிழ் எழுத்துக் கோவையாக்கிவிடும். தமிழ் மட்டும் உள்ள கட்டுரையை வைத்துச் சரிபார்த்தவர் இதைக் கண்டிருக்கவே மாட்டார். ஏற்றுமதிக்கு முன் பிழைகளைத் தேடித் தரும் ‘ப்ரீஃப்ளைட் வெரிஃபையர்’ கைகொடுக்கும் என்றும் நம்ப முடியாது. உரை வழிவதையும், படத்தின் தரக்குறைவையும், ஃபாண்டில் இல்லாத எழுத்தையும் அது சொல்லும். நீங்கள் கொடுத்த யூனிகோட் ஃபாண்டில் ஆங்கில எழுத்துகளும் இருந்தால், மாறாமல் நிற்கும் பாமினி வரி அதன் கண்ணுக்குக் குறையில்லாத வரிதான். ஆகவே அந்தப் பக்கத்தின் கடைசிப் படி, மனிதக் கண்ணால் ஒருமுறை மெய்ப்புப் பார்ப்பதாக இருக்க வேண்டும்.

சோதனை மூட்டையை அனுப்பும்போது ஸ்கிரைபஸின் ‘கலெக்ட் ஃபார் அவுட்புட்’ வசதியைப் பயன்படுத்துங்கள். ஸ்கிரைபஸ் கோப்பில் படங்கள் பொதுவாக உள்ளே பதிந்திருக்காது, அவை இருக்கும் இடம்தான் குறித்து வைக்கப்பட்டிருக்கும். அந்த வசதி கோப்பையும் படங்களையும், கேட்டால் ஃபாண்ட்களையும், ஒரே கோப்புறையில் திரட்டித் தரும். அச்சகத்தில் படங்கள் வரவில்லை என்ற கேள்விக்கான விடையும் பெரும்பாலும் இதுவே.

அச்சுக்கான பக்கங்களைக் கணினியில் மட்டும் பார்த்துச் சரி என்று சொல்லிவிட முடியாது. ஏற்றுமதிச் சாளரத்தின் நிறத் தாவலில் ‘பிரின்டர்’ என்பதைத் தேர்ந்தெடுக்காமல், ‘ஸ்கிரீன்/வெப்’ என்று இருப்பதை அப்படியே விட்டால் திரைக்கான நிறத்தில் பிடிஎஃப் வரும். திரையில் வித்தியாசமே தெரியாது. அச்சகக்காரர் ஒருவராவது குழுவில் இருக்க வேண்டும், அல்லது குழுவின் சோதனைப் பிடிஎஃப்பைத் திறந்து பார்த்துச் சொல்ல ஒப்புக்கொள்ள வேண்டும். அச்சகத்துக்கு அச்சகம் தேவை மாறும் என்பதால், கையேட்டில் எண்களை அடித்துச் சொல்வதைவிட, என்ன கேட்க வேண்டும் என்று எழுதுவது நல்லது: எந்தப் பிடிஎஃப் வகை, எந்த நிற ப்ரொஃபைல், ஓரத்தில் வெட்டுக்கு எவ்வளவு கூடுதல் இடம் (3 மி.மீ. என்பது வழக்கம்), வெட்டுக்குறிகள் வேண்டுமா, எழுத்துகளை உருவக் கோடுகளாக மாற்றித் தர வேண்டுமா.

7. ஒன்றாக உட்கார்ந்து முடிப்பது

தொலைவிலிருந்து ஆளுக்கொரு பக்கம் என்று பிரித்துக்கொண்டால் பாதி வந்து சேரும். கட்டற்ற மென்பொருள்களுக்குக் கையேடு எழுதும் ஃப்ளாஸ் மேனுவல்ஸ் அமைப்பு, ஆடம் ஹைட் முன்னின்று நடத்திய ‘புக் ஸ்பிரிண்ட்’ என்ற முறையில் பல கையேடுகளை உருவாக்கியது. ஒரு சிலர் மூன்று முதல் ஐந்து நாள் ஒரே இடத்தில் கூடி, வெறுங்கையோடு தொடங்கிப் புத்தகத்தோடு எழுந்திருப்பார்கள்.

நமக்கு ஒரு வார இறுதி போதும், முன்தயாரிப்பு இருந்தால். கேள்விப் பட்டியல், பக்க அமைப்பு, சோதனை மூட்டை, உரிம ஒப்புதல் நான்கும் வெள்ளிக்கிழமைக்குள் தயாராகிவிட வேண்டும். ஆறேழு பேர். இருவர் இருவராக உட்கார்த்துங்கள்: ஒருவர் எழுத, மற்றவர் அடுத்த அறையில் செய்து பார்க்க, பிறகு இடம் மாற. ஒருவர் முழுநேரமும் மொழியைச் சீர்செய்யட்டும், அவர் ஸ்கிரைபஸ் தெரியாதவராக இருந்தால் இன்னும் நல்லது. சனிக்கிழமை மாலைக்குள் முழுதாகச் சரிபார்த்த ஐந்து பக்கம் இருந்தால் அது நல்ல நாள். முப்பது அரைகுறைப் பக்கங்களை யாரும் பிறகு வந்து முடிப்பதில்லை.

8. கருத்து வேறுபாடு, பெயர், பிழை

ஒரு படியைப் பற்றி இருவர் மோதிக்கொண்டால் முதலில் பதிப்பு எண்ணைக் கேளுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீரும். மீதியைச் சோதனைக் கோப்பு தீர்க்கும். மூத்தவர் சொல்கிறார் என்பதற்காக ஒரு வரியும் உள்ளே போகக்கூடாது. இரண்டு வழியும் சரியாக வேலை செய்தால் படிகள் குறைவானதை மட்டும் வையுங்கள். ‘மாற்றாக இப்படியும் செய்யலாம்’ என்று மூன்று வழி சொல்லும் பக்கம் புதியவரைக் குழப்பும்.

எழுதியவர் பெயரோடு சரிபார்த்தவர் பெயரையும் அதே அளவு எழுத்தில் போடுங்கள். சரிபார்க்க ஆள் கிடைக்காமல் திண்டாடும் குழுக்கள் பெரும்பாலும் அந்தப் பெயரை எங்கேயும் போடாத குழுக்கள்தான்.

கையேடு எழுதும்போது மென்பொருளின் பிழைகளும் வரிசையாக வெளிப்படும். அவற்றைச் சுற்றிப் போகும் வழியை மட்டும் எழுதி அமைதியாகிவிடாதீர்கள். ஸ்கிரைபஸுக்குப் பொதுவான பிழைப்பதிவு ஏடு இருக்கிறது. சோதனைக் கோப்போடு அங்கே பதிந்து, கிடைக்கும் எண்ணைப் பக்கத்தில் குறியுங்கள்: ‘இது தற்காலிக வழி, இந்த எண்ணுள்ள பிழை தீர்ந்ததும் தேவைப்படாது.’ தமிழ் எழுத்தமைப்பு தொடர்பான பிழைகளைத் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள்தான் கண்டுபிடிக்க முடியும். எப்படி வர வேண்டும், எப்படி வருகிறது என்று இரண்டு படங்களை அருகருகே வைத்து அனுப்புங்கள். வளைவு எங்கே இருக்க வேண்டும் என்பது பிழையைத் திருத்துகிறவருக்குத் தெரியாது.

9. அடுத்த பதிப்பு வரும் நாள்

ஒவ்வொரு பக்கத்துக்கும் பொறுப்பாளர் ஒருவர். புதிய பதிப்பு வந்ததும் எல்லாப் பக்கங்களின் தலையிலும் ‘இந்தப் பதிப்பில் இன்னும் சரிபார்க்கப்படவில்லை’ என்ற பட்டை தானாக ஏற வேண்டும். யாராவது செய்து பார்த்துப் பெயரும் தேதியும் போட்டால்தான் அது இறங்க வேண்டும். பட்டை தொங்கும் பக்கங்களைப் பார்த்து வெட்கப்படத் தேவையில்லை, மறைப்பதுதான் தவறு.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்க்க முடியாது. பிடிஎஃப் ஏற்றுமதி, உரை இறக்குமதி, எழுத்தமைப்புப் பலகம் மூன்றையும் தொடும் பக்கங்களை முதலில் பாருங்கள். மாற்றம் அதிகம் நடப்பதும் மாறினால் அதிக இழப்பு வருவதும் அங்கேதான். பக்க எண் போடுவது, சட்டகம் வரைவது போன்றவை காத்திருக்கலாம்.

பொறுப்பாளர் விலகிவிட்டால் பக்கத்தை இன்னொருவர் பெயருக்கு மாற்றுங்கள். மாற்றுவதற்கு ஆளில்லை, ஓர் ஆண்டாகப் பட்டையும் இறங்கவில்லை என்றால், பக்கத்தை முதன்மைப் பட்டியலிலிருந்து எடுத்துப் பழைய பதிப்புகளுக்கான கிடங்கில் வையுங்கள். அழிக்க வேண்டாம். பழைய கணினியில் பழைய பதிப்பை வைத்துக்கொண்டு வேலை செய்கிற ஒருவருக்கு அது தேவைப்படலாம்; பதிப்பு எண்தான் தலையிலேயே இருக்கிறதே.